நெருப்பில் குளித்து வீதிக்கு வரும் திருமேனிகள்

சைனாடவுனின் நெரிசல் மிகுந்த கடைவீதிகளுக்கு நடுவே, சவுத் பிரிட்ஜ் சாலையில் அருள்மிகு மாரியம்மன் ஆலயத்தின் இராஜகோபுரம் எழுந்து நிற்கிறது. 1819ஆம் ஆண்டு ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை, 1827இல் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் அமைத்த சிற்றாலயமே இன்று நாம் வணங்கும் பெருங்கோயிலின் தொடக்கம். 1843இல் அது செங்கல் கட்டடமாயிற்று. 1973இல் தேசிய நினைவுச்சின்னம் என்னும் சிறப்பைப் பெற்றது. அருகிலுள்ள டெம்பிள் ஸ்திரீட்டும் பகோடா ஸ்திரீட்டும் இக்கோயிலாலேயே பெயர் பெற்றன. ஆலயத்தை நிறுவிய நாராயண பிள்ளை இங்கே செங்கற்சூளை நடத்தியவர். மண்ணையும் நெருப்பையும் தொழிலாகக் கொண்டவர். அதே மண்ணும் நெருப்பும் வேறொரு வகையிலும் நம் திருவிழாக்களைத் தாங்கி நிற்கின்றன. அதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவறையில் வீற்றிருக்கும் மூலவர் இடம் பெயர்வதில்லை. நாம்தாம் தேடிச் சென்று தரிசிக்க வேண்டும். ஆனால் முதுமையாலும் பிணியாலும் படியேற இயலாதவர் உண்டு; பணியின் காரணமாக வர இயலாதவர் உண்டு; கோயிலுக்குள் வந்தே அறியாத பிற சமயத்து அண்டை அயலாரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் அருள் வழங்கும் பொருட்டு இறைவன் தானே வீதிக்கு எழுந்தருளும் வடிவமே உற்சவமூர்த்தி. தைப்பூசத்திற்கு முதல்நாள் டேங்க் ரோடு தண்டாயுதபாணி வெள்ளி இரதமேறிச் சைனாடவுனின் கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் ஆலயத்திற்கு எழுந்தருள்வதையும், ஐப்பசித் தீமிதியின்போது சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் ஆலயம் வரை அன்பர் கூட்டம் நடந்து வருவதையும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். தேரில் வரும் திருமேனியைக் கண்டதும் கைகள் தாமே குவிகின்றன. அத்திருமேனியை வார்த்த கைகளை நாம் நினைப்பதில்லை. வார்த்தவரும் தம் பெயரைப் பீடத்தில் பொறித்துக் கொள்வதில்லை.

மலையடிவாரத்துப் பட்டறைகள்

அக்கைகளைத் தேடிச் சென்றால் பெரும்பாலும் நாம் போய்ச் சேருமிடம் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையாகவே இருக்கும். ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகிய இத்தலத்தில், பிரணவத்தின் பொருளைத் தந்தைக்கு மகன் உபதேசித்தான் என்பது புராணம். அதனாலேயே முருகன் இங்குச் சுவாமிநாதன் ஆனான். தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிக்கும் அறுபது படிகளின் கீழே, தெருக்களில், தந்தையர் தம் மைந்தருக்கு வேறொரு வித்தையைத் தலைமுறை தலைமுறையாக உபதேசித்து வருகின்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் தாராசுரம் கோயிலை எழுப்பியபோது வந்த சிற்பியர் வழியினரே இங்குத் தங்கினர் என்பது வழிவழிச் செய்தி. அவர்களை இங்கே நிறுத்தி வைத்தது காவிரியின் வண்டல். கைரேகையைக்கூட அப்படியே வாங்கிக்கொள்ளும் அத்துணை நுண்மையான மண் அது.

இத்தொழிற் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் விளையாட்டுத் திடலும் பட்டறையே. மீந்துபோன மெழுகை உருட்டி யானையும் குருவியும் செய்வதுதான் அவன் முதற்பாடம். துருத்தியின் ஓசையும், வறட்டி எரியும் வாசனையும், உருகும் குங்கிலியத்தின் மணமும் அவன் உள்ளத்தில் எழுத்துக்கு முன்னரே பதிந்து விடுகின்றன. பிறகு விரல் செய்யப் பழகுகிறான். ஆபரணம் செய்யப் பழகுகிறான். பீடத்துத் தாமரையிதழ் செய்யப் பழகுகிறான். முகத்தைத் தொடும் உரிமை நெடுநாள் கழித்தே கிட்டும்.

கிராமமே பாடநூல்

சிற்பிக்கு உள்ளத் தூண்டுதல் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால், தியான சுலோகத்திலிருந்து என்பது முதல் விடை. எத்தனை கரங்கள், எந்த ஆயுதங்கள், எவ்வகை நிலை என்பதனை அச்சுலோகம் வகுத்து விடும். ஆனால் சுலோகம் கூறும் உருவத்திற்கு உயிர் கொடுப்பது சிற்பி தன் இளமையில் கண்ட காட்சிகளே.

சிற்ப மரபு உறுப்புகளுக்குக் கூறும் உவமைகளைப் பாருங்கள். மூக்கு எள்ளுப்பூவைப் போன்றது. கண் கயல்மீனைப் போன்றது. மோவாய் மாங்கொட்டையைப் போன்றது. கழுத்து சங்கு, இடை உடுக்கை, தோள் யானையின் துதிக்கை. புருவமோ வேப்பிலை. இவை அனைத்தும் ஒரு கிராமத்துச் சிறுவன் காலையிலிருந்து மாலைக்குள் கண்டு விடக்கூடிய பொருள்கள். நெல் அறுவடையான வயலில் எள் விதைத்து அது பூக்கும்போது வரப்பில் நடந்தவன், அன்னையின் நாசியை யாரும் சொல்லித் தராமலே அறிவான். வாய்க்கால் நீரில் கெண்டை மின்னி மறைவதைக் கண்டவனுக்கு, கண் எழுதும்போது கோடு எங்கே வளைய வேண்டும் என்பது தெரியும். வேப்பமரத்தடியில் விளையாடியவனுக்கு மாரியம்மனின் புருவம் புதிய பாடமன்று.

இங்கேதான் நாம் சற்றே கவலை கொள்ள வேண்டியிருக்கிறது. எள்ளுப்பூவைக் காணாத தலைமுறை அதனைப் புத்தகத்தில் படிக்கலாம், படத்தில் பார்க்கலாம். படத்தைப் பார்த்துச் செய்த மூக்கு அளவில் பிசகாது இருக்கலாம். எனினும் காற்றில் அசையும் பூவைக் கண்டு அதன் மென்மையை விரலில் ஏற்றிக்கொண்டவனின் மெழுகில் ஒரு குழைவு கூடுகிறது. நாட்டுப்புற இளமை இத்தொழிலின் அலங்காரப் பின்னணி அன்று. அது மண்ணையும் மெழுகையும் போல மூலப்பொருள்.

ஓலையில் பிறக்கும் அளவு

திருமேனியின் பணி ஒரு தென்னை ஓலையிலிருந்து தொடங்குகிறது. செய்ய வேண்டிய உயரத்திற்கு ஓலையை நறுக்கி, அதனையே மடித்து மடித்துப் பங்குகளாகக் குறித்துக்கொள்வர். இறைவிக்குரிய மத்திம தசதாளத்தில் உயரம் 120 பங்குகளாகும். சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் உரிய உத்தம தசதாளத்தில் 124 பங்குகள். முகம் இத்தனை, மார்பு இத்தனை, முழந்தாள் இத்தனை என்று யாவும் அந்த ஓலைக்குள் அடங்கும். அடிக்கோலின் அங்குலம் ஊருக்கு ஊர் மாறலாம். ஓலை தன்னையே அளவுகோலாகக் கொள்வதால் சிறிய திருமேனியும் பெரிய திருமேனியும் ஒரே அழகில் அமைகின்றன.

அடுத்து மெழுகு. தேன்மெழுகுடன் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, பதமாக்கி உருவம் சமைப்பர். குங்கிலியம் தரும் மரத்தின் உறவு மரங்கள் மலாய்க் காடுகளிலும் உண்டு. அவற்றின் பிசினையே மலாய் மக்கள் டாமர் என்கின்றனர். கடலின் இருகரையையும் இணைக்கும் இந்த மணம் நம் அன்பர்களுக்கு அந்நியமானதன்று.

மெழுகு உருவத்தின் மேல், உமிக்கரி கலந்து நன்கு அரைத்த வண்டல் மண்ணை முதலிற் பூசுவர். அது நிழலில் உலர்ந்தபின் வயல்மண்ணும் மணலும் கலந்த பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பெரிய உருவமாயின் இரும்புக் கம்பியால் கட்டுவர். வறட்டித் தீயில் அச்சைச் சூடாக்கும்போது உள்ளிருந்த மெழுகு உருகி, விட்டிருந்த துவாரங்களின் வழியே வெளியேறி விடுகிறது. இப்போது அச்சுக்குள் இருப்பது தெய்வத்தின் வடிவம் கொண்ட வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்குகிறது. மெழுகின் எடையைப்போல் ஏறக்குறைய எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும் என்று முன்னரே கணக்கிட்டு வைத்திருப்பர். வடநூலார் இம்முறையை மதூச்சிஷ்ட விதானம் என்பர்.

ஐம்பொன்னில் பெரும்பங்கு செம்பே. பித்தளையும் சிறிது ஈயமும் சேர்வதால் குழம்பு இளகி ஓடி, விரல்நுனி வரை சென்று நிரம்புகிறது. செம்பு உருகுவதற்கு ஆயிரம் செல்சியஸ் பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. வார்ப்பு நாளன்று திருப்பணி செய்யும் குடும்பத்தார் பட்டறைக்கு வந்து, கொதிக்கும் மூசையில் தங்கள் கையால் பொன்னும் வெள்ளியும் இடுவது வழக்கம். பாட்டியின் தோடோ, தாலியின் ஒரு குண்டுமணியோ அந்நெருப்பில் விழுந்து கரைந்து, பின்னர் ஊர் முழுவதும் வணங்கும் உருவத்தோடு ஒன்றாகி விடுகிறது. தன்னுடையது என்று பிரித்துக் காட்ட முடியாத காணிக்கை அதனினும் வேறுண்டோ!

உடையும் அச்சு

உருகிய உலோகத்தை இடையறாத மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். கை தயங்கினால் உள்ளே ஒட்டுத் தெரியும். காற்று அடைபட்டால் குழி விழும். பல வாரத்து உழைப்பின் தலைவிதி சில நிமிடங்களில் முடிவாகிறது. அந்நேரத்தில் பட்டறையில் பேச்சு எழுவதில்லை. ஆறிய பின்னர் மண் அச்சை உடைக்கின்றனர். குறை நேர்ந்திருந்தால் மெழுகும் இல்லை, அச்சும் இல்லை. ஓலையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். குறையில்லாது பிறந்திருந்தாலும், அதே அச்சில் மற்றொன்றை வார்க்க இயலாது. ஆகவே ஒவ்வொரு திருமேனியும் உலகில் ஒன்றே ஒன்றாகும்.

சோழர் காலத்தில் நுட்பங்களைப் பெரும்பாலும் மெழுகிலேயே முடித்து விட்டனர் என்பர் அறிஞர். இன்று வார்ப்பிற்குப் பின்னர் உளியாலும் அரத்தாலும் நெடுநாள் செதுக்குகின்றனர். பின்பு புளியும் பூந்திக்கொட்டை நீரும் கொண்டு துலக்குவர். இறுதியிற் கண் திறத்தல். அதுவரை சிற்பி எத்தனை முறை வேண்டுமானாலும் கையிலெடுத்துத் திருப்பலாம், உளி வைக்கலாம். கண் திறந்து, கோயிலில் பிரதிஷ்டை முடிந்தபின், அவரும் மற்றவரைப்போல் வரிசையில் நின்று கைகூப்ப வேண்டியவரே. தான் பெற்ற பிள்ளையைத் தானே வணங்கும் பேறு இத்தொழிலாளருக்கு வாய்த்தது. சுவாமிநாதனின் மலையடியில் அது வாய்த்தது பொருத்தமே.

புரவலர் சிந்தனைக்கு

2023ஆம் ஆண்டு இக்கலைக்கு ஒரு பொன்னாண்டு. அவ்வாண்டு பிப்ரவரி 12ஆம் நாள் சைனாடவுன் மாரியம்மன் ஆலயத்தின் மகா கும்பாபிஷேகம் பல்லாயிரம் அன்பர்கள் சூழ நடந்தேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் புதுடெல்லி பாரத மண்டபத்தின் முன், சுவாமிமலை ராதாகிருஷ்ணன் ஸ்தபதி குழுவினர் எட்டு உலோகங்களால் வார்த்த 27 அடி உயர நடராசர், உலகத் தலைவர்களை வரவேற்று நின்றார். ஏறத்தாழ 18 டன் எடையுள்ள அவ்வுருவமும் மெழுகில் பிறந்ததே.

இப்பெருமைகளுக்கிடையே, திருப்பணிக் குழுவினரும் உபயதாரர்களும் நினைவிற் கொள்ள வேண்டியன சில உண்டு. முதலாவது, காலம். விழா நாளைக் குறித்து விட்டுத் திருமேனியை அவசரப்படுத்தினால், நிழலில் உலர வேண்டிய மண் தீயருகே உலர்த்தப்படும். உளி பேச வேண்டிய இடத்தில் எந்திரம் பேசும். இரண்டாவது, வார்ப்பின் வகை. வழிபாட்டுக்குரிய உற்சவமூர்த்தியைக் கனமாக வார்ப்பதே தென்னாட்டு மரபு. எடையைக் குறைத்து விலையைக் குறைக்கும் பொள்ளல் வார்ப்பு, வரவேற்பறை அலங்காரத்திற்கு ஏற்றதாகலாம். மூன்றாவது, பராமரிப்பு. நூற்றாண்டுகளாக அபிஷேகமும் துலக்கலும் கண்ட பழந்திருமேனிகள் பலவற்றில் மூக்கும் இதழும் தேய்ந்து மழுங்கியிருப்பதைக் காணலாம். பளபளப்பின் மீதுள்ள ஆசையால் கரடான பொடியிட்டுத் தேய்ப்பது, எள்ளுப்பூவை நாமே கிள்ளி எறிவதற்கு ஒப்பாகும்.

நான்காவதே தலையாயது. ஆலயங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது வழக்கம். மெழுகில் குருவி உருட்டும் சிறுவன், தனித்தொரு திருமேனியை முடிக்கத்தக்க சிற்பியாவதற்கும் அத்தகைய நெடுங்காலம் வேண்டும். ஆகவே அடுத்த கும்பாபிஷேகத்திற்குத் தேவைப்படும் கைகள் இன்றே பழகத் தொடங்கியிருக்க வேண்டும். தந்தை கற்றுத் தர ஆயத்தமாயிருந்தும், உழைப்பிற்கேற்ற ஊதியம் இல்லையெனில் மகன் வேறு வேலை நாடிச் செல்வது இயல்பே. அதனைக் குறை கூறவும் இயலாது. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்வி நிலையம், குடும்பத்திற்கு வெளியே பிறந்தவர்க்கும் இக்கல்வியை வழங்கி வருகிறது. எனினும் கற்றவர்க்குப் பணி தருவது ஆலயங்களும் அன்பர்களுமே. விலை பேசும்போது செம்பின் எடையை மட்டும் கணக்கிடாது, விரல்களின் ஆண்டுகளையும் கணக்கிடுவது அறம்.

மாரியம்மன் ஆலயத்தின் பெருங்கதவில் வரிசை வரிசையாக அமைந்த சிறுமணிகளை ஒலித்துவிட்டு உள்ளே செல்வது நம் வழக்கம். இனி அம்மணியில் விரல் படும்போது, அதுவும் ஒருவர் உருக்கி ஊற்றிய உலோகமே என்று எண்ணுவோம். நம் வேண்டுதலோடு, பெயர் தெரியாத அந்தக் கம்மியரின் குலம் தழைக்கவும், அவர் மக்கள் வரப்போரத்து எள்ளுப்பூவைக் கண்டு வளரவும் ஒரு வேண்டுதலைச் சேர்த்துக்கொள்வோம். வீதிதோறும் எழுந்தருளி வீடுதோறும் நலம் சுரக்கும் அன்னை, தன்னை வார்த்த கைகளையும் காத்தருள்வாளாக!