பாட்டியும் அரிசி நூடுல்ஸும்

எங்கள் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் காலை ஏழு மணியளவில் சாப்பாட்டுத் தூக்குகள் வரத் தொடங்கும். கஞ்சி, இட்லி, மிளகு ரசம், குழைய வடித்த பருப்புச் சோறு என்று பொழுது விடியுமுன் எழுந்து சமைத்துக் கொண்டுவருகிறார்கள். அவற்றுள் பல ஆறிப்போய், மாலையில் வந்தபடியே திரும்பிச் செல்லும். "நேற்று இரண்டு கரண்டி இறங்கிற்று, இன்று வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்" என்று செவிலியரிடம் வந்து நிற்காத குடும்பத்தினர் குறைவு. இவ்விதழில் ஒரு சீன அனிமேஷன் குறும்படத்தைப் பற்றி எழுத எண்ணியதற்கு அந்தத் தூக்குகளே காரணம்.

2018 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் வழியே வெளிவந்த 'ஃபிளேவர்ஸ் ஆஃப் யூத்' என்பது மூன்று குறும்படங்களின் தொகுப்பு. சீனாவின் ஹாவோலைனர்ஸ் நிறுவனமும் ஜப்பானின் காமிக்ஸ் வேவ் பிலிம்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஓடும். அவற்றுள் முதலாவது 'அரிசி நூடுல்ஸ்'. இயக்கியவர் யீ ஷியாவ்ஷிங். மற்ற இரண்டும் இதற்கு ஈடில்லை என்பது எங்கள் கருத்து.

ஷியாவ் மிங் பெய்ஜிங் மாநகரில் வேலை பார்க்கும் இளைஞன். அவன் பிறந்து வளர்ந்தது தெற்கே, ஹுனான் மாநிலத்தில். நம் வீடுகளில் இட்லி எப்படியோ, ஹுனானில் காலை உணவாக அரிசி நூடுல்ஸ் அப்படி. அரிசி மாவில் பிழிந்த வெண்ணிற இழைகளைக் கொதிநீரில் அமிழ்த்தி எடுத்து, நெடுநேரம் காய்ச்சிய சாற்றை அதன்மேல் ஊற்றித் தருவார்கள். படத்தில் வருவது 'சான் ஷியன்' என்னும் வகை. மூன்று சுவைப் பொருள்கள் என்பது அப்பெயரின் பொருள். சிறுவனாய் இருந்தபோது பாட்டியுடன் கடைக்குச் சென்று அதனை உண்ட காலைப் பொழுதுகளே அவன் நினைவில் நிறைந்திருக்கின்றன. கிண்ணத்திலிருந்து எழும் ஆவியையும், சாற்றின் மேல் மின்னும் எண்ணெயையும், இழைகள் நழுவி விழுவதையும் படம் அவசரமின்றிக் காட்டுகிறது. பசியோடு பார்ப்பவர்கள் சற்றுத் துன்புறுவார்கள்.

பின்னர் ஆண்டுகள் உருள்கின்றன. பள்ளிப் பருவத்தின் முதல் ஈர்ப்பும் ஒரு நூடுல்ஸ் கடையோடுதான் பிணைந்திருக்கிறது. ஊர் மாறுகிறது, பழைய கடைகள் மறைகின்றன. பெய்ஜிங்கில் கிடைக்கும் கிண்ணத்தில் பெயர் மட்டும் அதுவாக இருக்கிறது, சுவை அதுவாக இல்லை. இவ்வளவு மாற்றங்களையும் ஒவ்வொன்றாகக் கண்டு குறித்துக்கொண்டவன் ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. நினைவில் அவனுடைய பாட்டிக்கு வயது ஏறவேயில்லை. அப்போது ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது: பாட்டியின் உடல்நிலை மோசமாகிவிட்டது. அவன் புறப்பட்டுச் செல்கிறான். அவருடைய இறுதி வேளையில் உடனிருக்கிறான்.

இதை எழுதும் நாங்கள் அந்த அழைப்புகளின் மறுமுனையில் இருப்பவர்கள். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் விரைந்து வரும் பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறோம். கட்டிலருகே வந்ததும் பலர் ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். நினைவில் இருந்த அம்மா நடமாடிக்கொண்டிருந்தார். இங்கே படுத்திருப்பவர் மெலிந்து, பேச்சுக் குறைந்து, உறக்கத்திலேயே நாளின் பெரும்பகுதியைக் கழிப்பவர். அந்தத் திகைப்பு சில நேரங்களில் சினமாக வெளிப்படும்: "ஏன் இவருக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை?" அருகிலேயே இருந்து மாதக்கணக்கில் பார்த்துக்கொண்ட தங்கையோ மருமகளோ அச்சொல்லைத் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார். அவர் அதற்கு எந்த வகையிலும் பொறுப்பானவர் அல்லர் என்பதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்ய விரும்புகிறோம்.

உடல் தன் இறுதிக் கட்டத்தை நெருங்கும்போது பசியும் தாகமும் தாமாகவே குறைகின்றன. செரிமானம் மந்தமாகிறது, விழுங்கும் தசைகள் தளர்கின்றன. உண்ணாததால் அவர் இறப்பை நெருங்குகிறார் என்று குடும்பத்தினர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் நிகழ்வது இதன் மறுதலை: உடல் ஓய்ந்துவருவதால்தான் உணவை வேண்டாம் என்கிறது. அந்நிலையில் வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று இருமலும் நுரையீரல் தொற்றும் ஏற்படக்கூடும். "டிரிப்ஸாவது ஏற்றுங்கள்" என்று கேட்பார்கள். அதனால் பயன் உண்டா என்று மருத்துவர் ஒவ்வொருவர் நிலையையும் பார்த்தே முடிவு செய்வார். ஓய்ந்துவரும் உடலில் ஏறும் நீர் சிலருக்குக் கைகால் வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் கூட்டிவிடும்.

இதை விளக்கிச் சொன்னாலும் மனம் எளிதில் ஏற்பதில்லை. நம் மொழியில் அன்பைச் சொல்ல "சாப்பிட்டாயா?" என்பதைவிட நெருக்கமான வினா ஏது? அந்த வினாவைக் கேட்க இயலாமற்போகும்போது, அன்பு செலுத்தும் வழியே அடைபட்டதுபோல் ஆகிவிடுகிறது.

ஆயினும் உண்பது நின்ற பிறகும் மணம் நிற்பதில்லை. பார்வையும் கேள்வியும் மூளைக்குள் 'தலாமஸ்' என்னும் இடைநிலையத்தின் வழியாகச் செல்கின்றன. மணமோ அந்த இடைநிலையத்தில் நில்லாமலே, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை விரைந்து எட்டிவிடுகிறது. பல்லாண்டுகளுக்கு முந்தைய சமையலறை ஒரு தாளிப்பு வாசனையில் கண்முன் வந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். முன்னொரு முறை, தாயாருக்காக ரசம் கொண்டுவந்த ஒருவர் அது உண்ணப்படாததைக் கண்டு கலங்கினார். பணியிலிருந்த செவிலியர் தூக்கின் மூடியைத் திறந்து அம்மாவின் முகத்தருகே சற்றுப் பிடிக்கச் சொன்னார். பிறகு மென்பஞ்சில் இரண்டு துளி தொட்டு உதட்டை நனைக்கச் செய்தார். அம்மா கண்ணைத் திறந்து, "புளி கூட" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான். மகன் அதை வருவோர் போவோரிடமெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னார், சிரிப்பினூடே அழுதார். (உதட்டை நனைப்பது எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது. விழுங்கும் நிலை எப்படி என்று செவிலியரைக் கேட்ட பின்னரே செய்யுங்கள். புற்றுநோய் மருந்துகளால் சுவை மாறி வாயில் உலோக வாடை இருப்போருக்கு, முன்பு விரும்பிய மணமே குமட்டலாம். அவர் முகம் சுளித்தால் தூக்கை மூடிவிடுங்கள்.)

படத்தில் எங்களுக்கு ஒரு குறை உண்டு. கதை முழுவதும் பேரனின் குரலில் சொல்லப்படுகிறது. அவன் எதை உண்டான், எதை இழந்தான் என்று அறிகிறோம். பாட்டி என்ன நினைத்தார், இறுதியில் எதை விரும்பினார் என்பது நமக்கு எட்டுவதில்லை. நினைவுக்கு அந்த இயல்பு உண்டு போலும். அன்புக்குரியவரை அது பேணிக் காக்கிறது. ஆனால் அவரைப் பேச விடுவதில்லை. வார்டிலும் இதையே காண்கிறோம். "அவருக்குத் தெரியவேண்டாம், டாக்டர்" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பவரோ, "பிள்ளைகளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார்கள்" என்று எங்களிடம் தனியே கூறியிருப்பார். இருபுறமும் அன்பு, நடுவே ஒரு மௌனம். இத்தகைய குடும்பங்களில் தொடக்கம் பெரிய செய்தியாக இருக்கவேண்டியதில்லை. "உடம்பு எப்படி இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள், அப்பா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். விடை வராவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் வரலாம். வந்தால், தடுக்காமல் கேளுங்கள். அந்த உரையாடலின்போது மருத்துவரோ ஆலோசகரோ உடனிருக்க வேண்டும் என்று விரும்பினால் நாங்கள் வருகிறோம்.

நினைவாற்றல் குன்றிய முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இன்று காலை நடந்தது அவர்களுக்கு நினைவிராது. சிறுவயதில் உண்ட பலகாரத்தின் பெயர் தெளிவாக நினைவிருக்கும். அவர்களிடம் நேற்றைய நாளைக் கேட்டுச் சோதிப்பதைவிட அந்தப் பலகாரத்தைப் பற்றிக் கேட்பது இருவருக்கும் இனிது.

படத்தின் முடிவில் பாட்டி இல்லாத ஊரில் ஷியாவ் மிங் மீண்டும் ஒரு கிண்ணம் நூடுல்ஸின் முன் அமர்கிறான். பழைய சுவை திரும்பக் கிடைத்ததா என்று நாங்கள் இங்கே சொல்லப்போவதில்லை.

இக்குறும்படம் மட்டும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இறப்புக் காட்சி இருப்பதால், அண்மையில் ஒருவரை இழந்தவர்கள் தனியே இருக்கும்போது பார்க்காமல் இருப்பது நல்லது. நோயாளியுடன் சேர்ந்து பார்க்க விரும்பினால், பாதியில் அவர் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள். காலை உணவுக்கு முன்பு மட்டும் வேண்டா.