ஈயத்தை இறக்கி லித்தியத்தை ஏற்றும்போது

மின்வாரியத்தின் கம்பி எட்டாத வீட்டில் பகல் வெயிலை இரவுக்குச் சேர்த்து வைப்பது பேட்டரி. மலைச்சரிவுத் தோட்ட வீடுகளிலும் ஊரைவிட்டு விலகிய பண்ணை வீடுகளிலும் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருவது ஈய அமில பேட்டரி. 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய அந்தச் சாதனத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. நம் ஊர்க் கடைகளில் டியூபுலர் என்ற பெயரில் விற்பதும் அதன் வழிவந்ததுதான். இப்போது அதன் இடத்துக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வந்துகொண்டிருக்கிறது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் இரண்டின் இயல்பும் நேர் எதிரானது. ஈய பேட்டரி எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும். லித்தியத்தை விளிம்புவரை நிரப்பி அப்படியே வைத்திருக்கக் கூடாது. இந்த மாற்றத்தின் லாபமும் தொல்லையும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

ஈய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது அதன் இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. திரும்ப முழுதாக சார்ஜ் ஏற்றினால் அந்தப் படிவு கரைந்துவிடும். அரைகுறையாக ஏற்றி நாட்கணக்கில் விட்டால் படிகங்கள் இறுகிப்போய் பிறகு கரையவே மாட்டா. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். முழு சார்ஜ் ஏற்றுவதும் எளிதில்லை. முதல் எண்பது சதவீதம் விரைவில் ஏறிவிடும், மிச்சமுள்ள இருபது சதவீதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். நல்ல வெயில் நாளிலேயே சூரிய மின்பலகைகள் முழு வேகத்தில் இயங்குவது ஐந்து மணி நேரம் அளவுக்குத்தான். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், ஐப்பசி கார்த்திகையில் வாரம் முழுக்க பேட்டரி நிரம்பாமலே கிடக்கும். மின்வாரிய இணைப்பில்லாத இத்தகைய தனிமின் வீடுகளில் டியூபுலர் பேட்டரிகள் சீக்கிரம் சாவதற்குப் பெரும் காரணம் அதிகப் பயன்பாடு அல்ல, இந்தப் பட்டினிதான்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு இந்த நோய் கிடையாது. பாதி நிரம்பிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் அதற்குக் கெடுதல் இல்லை. உண்மையில் அது நெடுநாள் வாழ்வது அந்த நிலையில்தான். இதில் லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையின் அணு அடுக்குக்குள்ளிருந்து வெளியேறி மறு மின்முனையின் அடுக்குக்குள் நுழைகின்றன, அவ்வளவே. புதிய பொருள் எதுவும் படிந்து இறுகுவதில்லை. இந்தப் பொருள் வந்த வழியில் ஒரு தமிழரின் பங்கு உண்டு. தென்தமிழகத்தின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து ஓர் அடிப்படையைக் கண்டறிந்தார். வெறும் ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட் போன்ற பல்லணு அயனிகள் கொண்ட இரும்புச் சேர்மங்களைப் பயன்படுத்தினால் மின்னழுத்தம் உயர்கிறது என்பதே அது. அதே தடத்தில் 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃபின் குழு இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. 2019இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவர் மந்திரம்தான்.

பாஸ்பேட்டின் இன்னொரு பெரிய நன்மை பாதுகாப்பு. அதில் ஆக்சிஜன் பாஸ்பரசுடன் இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் விடுபடாது. அலைபேசியிலும் பல மின்சார வாகனங்களிலும் உள்ள நிக்கல், கோபால்ட் வகை லித்தியம் பேட்டரிகளைவிட இது தீப்பற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. செல் கெட்டு வீங்கினால் வெளிவரும் வாயு எரியக்கூடியது. எனவே படுக்கையறையில் இதை வைப்பது தவறு.

எவ்வளவு கொள்ளளவு வாங்குவது என்பதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரிகள் நான்கை வரிசையாக இணைத்த 48 வோல்ட் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். காகிதக் கணக்கில் அது 7.2 யூனிட். ஆனால் ஆயுள் நீடிக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கைக்குக் கிடைப்பது 3.6 யூனிட்டே. 51.2 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பெட்டி ஒன்றில் இருப்பது 5.12 யூனிட். அதில் எண்பது சதவீதம் எடுத்தாலே 4 யூனிட்டுக்கு மேல் வரும். ஆக, ஆம்பியர் அவருக்கு ஆம்பியர் அவர் என்று ஈடு கட்டத் தேவையில்லை. இழப்பும் குறைவு. 3.6 யூனிட் எடுக்க ஈய பேட்டரிக்குள் சுமார் 4.5 யூனிட் செலுத்த வேண்டியிருக்கும், லித்தியத்துக்கு 3.8 போதும். மேகமூட்டமான நாளில் இந்த வித்தியாசம், கூடுதலாக ஒரு பலகை வைத்ததற்கு நிகராகும். எடையிலும் அப்படித்தான்: ஒவ்வொன்றும் 50 கிலோவைத் தாண்டும் நான்கு பேட்டரிகளின் இடத்தில் 50 கிலோவுக்குள் அடங்கும் ஒரே பெட்டி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை ஒழிகிறது, அமிலப் புகையால் முனைகளில் பூக்கும் பச்சை ஒழிகிறது.

கொள்ளளவைக் குறைக்கலாம் என்றாலும் ஆம்பியரைக் குறைக்க முடியாது. இதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஈய பேட்டரி திடீர்ச் சுமை வந்தால் மின்னழுத்தம் தாழ்ந்தாலும் முக்கி முனகிக் கொடுத்துவிடும். லித்தியம் பெட்டிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சுற்று, அனுமதித்த ஆம்பியரைத் தாண்டியதுமே இணைப்பைத் துண்டித்துவிடும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஓடினால் 48 வோல்ட் பக்கத்தில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கிணற்று மோட்டார் கிளம்பும் கணத்தில் அதன் ஓட்ட மின்சாரத்தைப் போல் பல மடங்கு கேட்கும். 100 ஆம்பியர் வரம்புள்ள ஒரே பெட்டியை வைத்துவிட்டு, மோட்டார் போடும்போதெல்லாம் வீடே இருண்டுபோகிறது என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. மோட்டார் உள்ள வீட்டுக்கு இரண்டு பெட்டிகளை இணையாக வைப்பதே சரி.

அடுத்தது சார்ஜ் கண்ட்ரோலர், இன்வெர்ட்டர் இரண்டின் அமைப்புகள். மாற்றத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பழைய அமைப்பில் டியூபுலருக்கு 57.6 வோல்டுக்கு மேல் ஏற்றும்படி வைத்திருப்பார்கள். அமிலத்தைக் கலக்கிவிட அவ்வப்போது 62 வோல்ட் வரை ஏற்றும் சமப்படுத்தும் சார்ஜும் தானாக நடக்கும். லித்தியம் பெட்டிக்குள் 3.2 வோல்ட் செல்கள் பதினாறு வரிசையாக உள்ளன. ஒரு செல்லின் உச்சவரம்பு 3.65 வோல்ட், பெட்டிக்கு 58.4. எனவே சமப்படுத்தும் சார்ஜை முற்றிலும் நிறுத்த வேண்டும். குளிர்ந்தால் மின்னழுத்தத்தை ஏற்றும் வெப்ப ஈடுசெய்தலையும் அணைத்துவிட வேண்டும். ஏற்றும் அளவு 56 முதல் 56.8 வோல்ட், நிரம்பியபின் பிடித்து வைக்கும் மிதவை நிலை 54 வோல்ட் அளவில் இருந்தால் போதும். கீழ்வரம்பும் மாறும். டியூபுலருக்கு 42 வோல்டில் இன்வெர்ட்டர் அணையும்படி இருக்கும். லித்தியம் அந்த அளவில் வறண்டே போயிருக்கும். அதற்கு 48 வோல்டிலாவது நிறுத்த வேண்டும். 48 வோல்ட் என்று விற்கும் சில பெட்டிகளில் பதினைந்து செல்களே இருக்கும். அவற்றுக்கு இந்த எண்கள் எல்லாமே கூடுதல். செல் எண்ணிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுகளையே வைக்க வேண்டும்.

பி.எம்.எஸ். இருக்கும்போது இத்தனை கவனம் எதற்கு என்ற கேள்வி எழலாம். பி.எம்.எஸ். கடைசிக் காவல், தினமும் அதை வேலை வாங்கக் கூடாது. நல்ல உச்சி வெயிலில் அது பேட்டரியைத் துண்டித்தால், பலகைகளிலிருந்து வரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இருக்காது. அந்தக் கணத்தில் மின்னழுத்தம் துள்ளி, நேர்மின்சாரத்தில் ஓடும் விசிறியையும் விளக்கையும், சில சமயம் இன்வெர்ட்டரையும்கூடப் பாழாக்கும். பெட்டியும் இன்வெர்ட்டரும் தகவல் கம்பி வழியே பேசிக்கொள்ளும் வகையாக இருந்தால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். லித்தியம் என்ற தெரிவே இல்லாத பழைய இன்வெர்ட்டரை மாற்றிவிடுவதே நல்லது.

வோல்ட் மீட்டரைப் பார்த்து இருப்பைச் சொல்லும் பழக்கத்தையும் கைவிட வேண்டியதுதான். 12 வோல்ட் ஈய பேட்டரி நிரம்பியிருந்தால் 12.7, பாதியில் 12.2 என்று ஓரளவு காட்டிக்கொடுக்கும். லித்தியமோ எண்பது சதவீதத்திலிருந்து முப்பதுக்கு இறங்கும்வரை 48 வோல்ட் அமைப்பில் மிகச் சிறிதளவே மாறும். பிறகு சட்டென்று சரியும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷண்ட் மீட்டர்தான் இதற்கு ஏற்றது. அந்தக் கணக்கும் நாளடைவில் பிசகும். ஆகவே ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை பெட்டியை முழுதாக நிரப்ப வேண்டும். செல்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் வேலையும் பல பெட்டிகளில் உச்சத்தை நெருங்கும்போதுதான் நடக்கிறது.

கம்பியும் ஃப்யூஸும் பழையவையே போதும் என்று விட்டுவிடக் கூடாது. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு என்பதால் ஷார்ட் ஆனால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் சாதாரண பிரேக்கரால் அதை அறுக்க முடியாது. பேட்டரி முனைக்கு மிக அருகில், நேர்மின்சாரத்தையும் அறுக்கும் தரமுள்ள டி (T) வகுப்பு ஃப்யூஸ் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரை முதன்முதலாக இணைக்கும்போது அதன் மின்தேக்கிகள் ஒரே வீச்சில் மின்சாரத்தை உறிஞ்சும். பி.எம்.எஸ். அதை ஷார்ட் என்று நினைத்துத் துண்டித்துவிடக்கூடும். சில நொடிகள் ஒரு ரெசிஸ்டர் வழியாக மின்தேக்கிகளை நிரப்பிவிட்டுப் பிறகு நேராக இணைத்தால் சரியாகிவிடும். வேலையைச் செய்பவர் நேர்மின்சாரம் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதில் சமரசம் கூடாது.

ஜெனரேட்டர் உள்ள வீடுகளில் லித்தியம் டீசலை மிச்சப்படுத்தும். 100 ஆம்பியர் அவர் பெட்டி 50 ஆம்பியர் வேகத்தில் கிட்டத்தட்ட முழுவதும் ஏற்றிக்கொள்ளும், கடைசி இருபது சதவீதத்துக்காக ஜெனரேட்டரை மணிக்கணக்கில் ஓட்ட வேண்டாம். வெப்பம் மட்டும் இரண்டுக்குமே எதிரி. தகரக் கூரைக்கடியில் வைத்தால் லித்தியமும் சீக்கிரம் மூப்படையும். 35 டிகிரிக்குள் இருக்கும் நிழலான, காற்றோட்டமான இடமே அதற்கு நல்லது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும். உறைபனி விழும் நீலகிரி மார்கழியில்கூட வீட்டுக்குள் வைத்திருந்தால் இந்தக் கவலை வேண்டாம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பெட்டியைப் பாதி நிரப்பி அணைத்துவிட்டுப் போகலாம்.

எல்லோருக்கும் இந்த மாற்றம் தேவையில்லை. மின்வாரிய இணைப்பு இருந்து, எப்போதாவது கரண்ட் போகும்போது மட்டும் இன்வெர்ட்டர் ஓடும் வீட்டில் டியூபுலர் பேட்டரி நிரம்பியே இருப்பதால் நிம்மதியாக வாழும். அங்கே கூடுதல் விலைக்கு ஈடான பலன் கிடைக்காது. தினமும் ஏறி இறங்கும் தனிமின் வீட்டில் நிலைமை வேறு. ஆண்டுக்கு 365 சுற்றுகள். நல்ல லித்தியம் பெட்டிக்குத் தயாரிப்பாளர்கள் சொல்வது 3000 முதல் 6000 சுற்றுகள். பாதி அளவே எட்டினாலும் பல ஆண்டுகள் ஓடும். அதற்குள் பெரும்பாலும் டியூபுலரை ஒரு முறையாவது மாற்றியிருக்க வேண்டியிருக்கும். இப்போதுள்ள டியூபுலர் நன்றாக இருந்தால் அது ஓயும்வரை காத்திருக்கலாம். புதிய லித்தியத்தையும் பழைய ஈயத்தையும் ஒரே இணைப்பில் போட்டு இரண்டையும் பயன்படுத்தப் பார்ப்பது மட்டும் வேண்டாம். இரண்டுக்கும் தேவையான மின்னழுத்தங்கள் வேறு. ஒன்று மற்றொன்றைச் சுரண்டும்.

கழற்றிய பேட்டரிகளை அமிலத்தைக் கொட்டாமல், நிமிர்த்தி வைத்தபடியே கடைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் மீட்டுவிடலாம் என்பதால் எடைக்கு நல்ல விலை கிடைக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே சுமத்துகின்றன. அதே விதிகள் லித்தியத்துக்கும் பொருந்தும். கொல்லைப்புற உலைகளில் பேட்டரியை உடைத்து உருக்கும் இடங்களைச் சுற்றி ஈயத் தூசி மண்ணில் படிந்து, அங்கே விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கொஞ்சம் கூடுதல் விலை தருகிறேன் என்று தெருவில் வருபவரிடம் கொடுக்காமல், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குச் சேரும் வழியில் கொடுப்பதோடுதான் இந்த மாற்றம் முழுமையடைகிறது.