அரிசி கழுவிய தண்ணீரும் நம் தலைமுடியும்



அரிசி கழுவிய தண்ணீரை நாம் என்ன செய்கிறோம்? மாடு இருக்கிற வீட்டில் மாட்டுக்கு வைக்கிறோம். மாடு இல்லாவிட்டால் லயத்துக் கானில் ஊற்றிவிடுகிறோம். "அந்தத் தண்ணியில தலை அலசினா முடி நல்லா வளருமாமே, உண்மைங்களா?" என்று இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் எங்களிடம் கேட்கிறார்கள். கைப்பேசியிலும் இதைத்தான் காட்டுகிறார்களாம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் சவர்க்காரம், ஷாம்பூ விலையெல்லாம் ஏறிப்போனதை நாம் மறக்கவில்லை. காசு செலவில்லாமல் வீட்டிலேயே ஒரு வழி உண்டென்றால் அதைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

கடற்கரைக் கிணறும் மலைப் பீலியும்

நாங்கள் இதைப் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலிருந்து எழுதுகிறோம். முன்னேஸ்வரம் திருவிழாவுக்கும் தலவில அன்னம்மாள் திருநாளுக்கும் மலைநாட்டிலிருந்து வருகிற நம்மவர்கள் இங்கே கிணற்றடியில் குளித்துவிட்டு, "என்னங்க இது, சவுக்காரம் நுரைக்கவே மாட்டேங்குது, முடி நாரு மாதிரி ஆகிப்போச்சு" என்று சொல்வதுண்டு.

காரணம் தண்ணீர்தான். கல்பிட்டிப் பக்கம் மேலே மணல், கீழே சுண்ணாம்புக்கல். புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் வெட்டுவதும் இதே மாவட்டத்து அருவக்காலுவில்தான். சுண்ணாம்பு கரைந்த தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. வெள்ளை அழுக்காகத் திரண்டு முடியில் ஒட்டிக்கொள்ளும். சில கிணறுகளில் உப்பும் கரிக்கும். மலைநாட்டுப் பீலித் தண்ணீர் மென்மையானது. அதில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டாலே நுரை பொங்கும்.

கரையோரத்துப் பழைய ஆட்கள் அரிசித் தண்ணீரைப் புளிக்கவைத்துக் கடைசியில் தலையில் ஊற்றி அலசுவதைக் கண்டிருக்கிறோம். புளித்த தண்ணீரில் இலேசான அமிலம் இருக்கிறது. ஒட்டியிருக்கும் சவர்க்கார அழுக்கை அது கொஞ்சம் இளக்கிவிடும். தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இது புதிய விஷயமல்ல

சாதம் வடித்த கஞ்சியில் சீயக்காய்த் தூளைக் கரைத்துத் தலை முழுகுவது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். ஜப்பானில் ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன், ஹெயன் காலம் என்று சொல்லப்படும் காலத்தில், அரண்மனைப் பெண்கள் அரிசி கழுவிய தண்ணீரைத் தொட்டுத் தொட்டு நீண்ட முடியை வாரினார்கள். அந்தத் தண்ணீருக்கு 'யுசுரு' என்று பெயர். சீனாவின் குவாங்சிப் பகுதியில் ஹுவாங்லுவோ என்ற மலைக் கிராமத்தில் வாழும் யாவோ இனப் பெண்கள் இன்றும் புளித்த அரிசித் தண்ணீரால்தான் தலை அலசுகிறார்கள். அதில் பம்பளிமாசுத் தோலையும், தேயிலை விதையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கையும் போட்டுக் காய்ச்சுவார்களாம். நாம் கொழுந்து பறிக்கிற செடிக்கு உறவான செடியின் விதைதான் அது.

அரிசித் தண்ணீர் வெள்ளையாக இருப்பது அதிலுள்ள மாச்சத்தால். நம் சட்டைக்குக் கஞ்சி போட்டால் நூல் மொடமொடப்பாவதில்லையா? அதுபோல இந்த மாச்சத்து ஒவ்வொரு முடியின் மேலும் மெல்லியதாகப் படிகிறது. அதனால் முடியோடு முடி உரசுவது குறையும், சிக்கு எளிதில் விடும், வாரும்போது அறுவதும் குறையும். 2010ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் யுசுருவைப் பரிசோதித்து, உரசல் குறைவதையும் முடியின் நெகிழ்வு கூடுவதையும் எழுதினார்கள்.

ஆனால் இதெல்லாம் தலைக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு நடப்பது. முடி முளைப்பது தோலுக்கு உள்ளே இருக்கும் வேரில். அரிசித் தண்ணீர் ஊற்றினால் புதுமுடி முளைக்கும், கொட்டுவது நின்றுவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். "ஒரே வாரத்தில் ஒரு சாண்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

செய்யும் முறை

1. சமைக்க எடுக்கும் ஒரு சுண்டு அரிசியே போதும். இதற்கென்று தனியாக அரிசி எடுக்க வேண்டியதில்லை. சிவப்பரிசி, வெள்ளையரிசி எதுவானாலும் சரி.

2. முதல் தண்ணீரில் தூசும் உமியும் இருக்கும். அதைச் செடிக்கு ஊற்றுங்கள். இரண்டாவது முறை இரண்டு சுண்டு நல்ல தண்ணீர் விட்டுக் கையால் கலக்கி, வெள்ளையாக வரும் தண்ணீரை வடித்து எடுங்கள்.

3. தலைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக அரிசியை நாலைந்து முறை தேய்த்துக் கழுவ வேண்டாம். அரிசியிலுள்ள பீ-1 விட்டமின் கழுவக் கழுவப் போய்விடும். வயிற்றுக்குப் போக வேண்டியதைத் தலைக்கு ஊற்றுவது புத்தியல்ல.

4. அன்றே பாவிக்கலாம். புளிக்கவைக்க விரும்பினால் சுத்தமான போத்தலில் ஊற்றி நிழலில் வையுங்கள். புத்தளம் வெயிலுக்கு அரை நாள் போதும். நுவரெலியாக் குளிருக்கு ஒரு நாளும் ஆகும், கூடவும் ஆகலாம். மூடியை இறுக்கிப் பூட்டக் கூடாது. புளிக்கும்போது காற்று உண்டாகிப் போத்தல் வெடிக்கலாம்.

5. இலேசான புளிப்பு வாசனை வந்ததும் அதே அளவு நல்ல தண்ணீர் கலந்து பாவியுங்கள். நாற்றம் அடித்தால், பூஞ்சணம் பிடித்தால், நிறம் மாறினால் ஊற்றிவிடுங்கள்.

6. வழமைபோல் தலையைக் கழுவியபின் இதை முடியில் மெதுவாக ஊற்றி, விரலால் கோதி, ஐந்து அல்லது பத்து நிமிடம் விட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் ஊற்றினால் மாச்சத்து படிந்து முடி விறைத்துப் போகும்.

7. முடி நன்றாகக் காய்ந்த பிறகே கொண்டை போடுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு முடிந்தால் தலையில் வாடை வரும், அரிப்பும் வரும்.

தலையில் புண், படை, சொறி உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இதைப் பாவிக்க வேண்டாம். முதன்முறை பாவிப்பவர்கள் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெயையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கரையோரத்தின் செல்வம் அது. முடியிலுள்ள புரதம் கழுவும்போது கரைந்து போவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தலை முழுகுமுன் ஒரு தேக்கரண்டி தடவினால் போதும்.

முடி கொட்டினால் என்ன செய்வது?

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். பிள்ளை பெற்று இரண்டு, மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டுவதும் உண்டு. அநேகமாக ஒரு வருடத்துக்குள் அது தானாகச் சரியாகிவிடும். டெங்கு போன்ற கடுமையான காய்ச்சல் வந்து போனால் இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். அதுவும் திரும்பி வரும்.

நாங்கள் கவலைப்படுவது வேறொன்றுக்கு. முடி கொட்டுவதோடு களைப்பு, ஏற்றம் ஏறும்போது மூச்சு வாங்குதல், தலைசுற்று, கண் இமையின் உட்பக்கம் வெளிறிப்போதல் இருந்தால் அது இரத்தச்சோகையாக இருக்கலாம். மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், வெறுங்காலில் நடப்பதால் உடலுக்குள் போகும் கொக்கிப்புழு, இரும்புச்சத்தில்லாத சாப்பாடு, இவையெல்லாம் இரத்தத்தைக் குறைக்கின்றன. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழேயும், கர்ப்பிணித் தாய்க்கு 11க்குக் கீழேயும் இருந்தால் இரத்தச்சோகை என்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், கொழுந்து பறிப்பவர். முடி கொட்டுகிறதென்று மூன்று மாதம் அரிசித் தண்ணீர் ஊற்றினார். அது போதாதென்று இரண்டு நாள் சம்பளத்தைக் கொடுத்து ஒரு போத்தல் எண்ணெயும் வாங்கினார். மலையில் ஏறும்போது நின்று நின்றுதான் போவார். "வேலைக் களைப்புதாங்க" என்பார். மருத்துவமாது ஒருநாள் அவர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளினிக்குக்கு அனுப்பினார். இரத்தம் சோதித்து, பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். சில மாதத்தில் ஏற்றம் ஏறுவது இலேசானது. முடி அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல வந்தது.

ஆகவே காசு இருந்தால் எண்ணெய்க்குக் கொடுப்பதைவிட முட்டைக்கும் நெத்தலிக் கருவாட்டுக்கும் கொடுங்கள். பருப்பு, கௌபி, பயறு, கீரை வகைகளைச் சேருங்கள். கீரையோடு தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

இன்னொன்று, நமக்கே உரிய விஷயம். சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை மாற்ற வேண்டும். தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே கூடாது.

கூடைக் கயிறு

தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமக்கும் சகோதரிகளுக்குக் கயிறு அழுத்தும் இடத்தில் முடி குறைவதைக் காண்கிறோம். நாள் முழுவதும் இழுபட்டு உரசுவதால் வருவது அது. அரிசித் தண்ணீர் இதைத் தீர்க்காது. கயிற்றுக்குக் கீழே துணியை நன்றாக மடித்து வையுங்கள். கயிறு படும் இடத்தைச் சற்று மாற்றி மாற்றி வையுங்கள். கொண்டையை இறுக்கி முடியாதீர்கள். பல வருடம் இழுபட்டால் வேரே கெட்டு முடி திரும்பி வராமல் போகலாம்.

கேட்கப்படும் சில கேள்விகள்

பேன் போகுமா?
போகாது. ஈர முடியைப் பேன் சீப்பால் வகிடு வகிடாக வாரி எடுங்கள். சில நாளுக்கொருமுறை, இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். அரிசித் தண்ணீர் ஊற்றினால் சிக்கு விட்டு வாருவது எளிது, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அடுப்படியில் தீப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

நரைத்த முடி கறுக்குமா?
கறுக்காது.

ஆண்கள் பாவிக்கலாமா?
தாராளமாக. ஆனால் அப்பன், தாத்தா வழியில் வரும் வழுக்கைக்கு இது மருந்தல்ல.

வடித்த கஞ்சி நல்லதா?
தண்ணீர் கலந்து மெல்லியதாக்கிப் பாவிக்கலாம். வீட்டில் பிள்ளை பசியோடிருந்தால் முதலில் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

கடைசியாக

அரிசித் தண்ணீர் முடியைக் கழுவி மென்மையாக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு, மூன்று மாதமாக முடி கொட்டுவது நிற்காவிட்டால், வட்டமாகச் சொட்டை விழுந்தால், அதோடு களைப்பும் இருந்தால், தோட்ட மருந்துசாலையிலோ மருத்துவமாதுவிடமோ சொல்லுங்கள். 35 வயதைத் தாண்டிய சகோதரிகள் சுகவனிதையர் கிளினிக்குக்கும் போய்வரலாம். "முடி கொட்டுதுன்னு சொல்லப் போனா சிரிப்பாங்க" என்று வெட்கப்பட வேண்டாம். உடம்பில் இரத்தம் குறைவதை முதலில் காட்டிக்கொடுப்பது சிலவேளை அந்த முடியாகத்தான் இருக்கும்.