உங்கள் விபரம் அடுத்தவர் திரையில்: 'கேஷ்' எனும் இடைக்கிடங்கின் ஆபத்து

மாத்தளை நகரிலோ உக்குவளையிலோ உள்ள ஒரு போட்டோ கொப்பி கடையை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி கேட்கப்படும் விண்ணப்பப் படிவங்களைக் கடைக்காரர் முன்கூட்டியே பிரதி எடுத்து அடுக்கி வைத்திருப்பார். கேட்டவுடன் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் நிரப்பிய படிவத்தையும் தவறுதலாக அதே அடுக்கில் வைத்துவிட்டால்? அடுத்து வருபவரின் கையில் உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போய்ச் சேரும்.

இணையத்தில் இந்த அடுக்கின் பெயர்தான் 'கேஷ்'. படங்கள், பொதுவான பக்கங்கள் ஆகியவற்றின் பிரதிகளை வைத்திருந்து வேகமாகத் தருவதே அதன் வேலை. ஒருவருக்கு மட்டுமே உரிய பக்கத்தை அது சேமித்துவிட்டால் ஆபத்து தொடங்குகிறது.

2015 டிசம்பர் 25 அன்று 'ஸ்டீம்' எனும் கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் இதுவே நடந்தது. அத்தளத்தின் மீதான தாக்குதலைச் சமாளிக்க கேஷ் அமைப்பில் செய்யப்பட்ட மாற்றத்தில் பிழை இருந்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 34,000 பேரின் மின்னஞ்சல் முகவரி, கொள்வனவு விபரம் போன்றவை மற்றவர்களின் திரைகளில் தோன்றியிருக்கலாம் என நிறுவனம் அறிவித்தது. யாரும் எவருடைய கடவுச்சொல்லையும் திருடவில்லை.

இதைத் திட்டமிட்டும் செய்யலாம் என்பதை 2017இல் ஓமர் கில் என்ற ஆய்வாளர் 'பேபால்' தளத்தை வைத்துக் காட்டினார். உங்கள் கணக்குப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால், இல்லாத ஒரு கோப்பின் பெயரைச் சேர்த்து ஒரு லிங்க் அனுப்பப்படும். தளம் அந்த வாலைப் பொருட்படுத்தாமல் உங்கள் பக்கத்தையே தரும். கேஷோ அதைப் பொதுக் கோப்பு என நம்பிச் சேமித்துக்கொள்ளும். அனுப்பியவர் அதே லிங்கைத் திறந்தால் போதும், உங்கள் பக்கம் அவருக்குக் கிடைத்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை சில. வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அறிமுகமற்ற லிங்குகளை அழுத்தாதீர்கள். பிறரின் விபரம் உங்கள் திரையில் தெரிந்தால் அதைப் படம் பிடித்துப் பரப்பாமல், உரிய நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

ஆனாலும் பெரும் பொறுப்பு தளத்தை நடத்துபவர்களுடையது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவுகளைப் பாதுகாக்கும் கடமையை அவற்றைக் கையாள்வோர் மீதே சுமத்துகிறது. ஸகாத் விண்ணப்பம், புலமைப்பரிசில் விண்ணப்பம் என்பவற்றை இணையத்தில் பெற எண்ணும் பள்ளிவாசல் நிருவாகங்களும் பாடசாலைகளும் தளத்தை அமைப்பவரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: "தனிப்பட்ட பக்கங்களைச் சேமிக்கக் கூடாது எனக் கேஷுக்குக் கட்டளை இட்டிருக்கிறீர்களா?" ஓர் ஏழைக் குடும்பத்தின் மானம் அந்தப் பதிலில் தங்கியிருக்கலாம்.