டிஸ்சார்ஜ் ஆகி வந்த பின் பழைய மாத்திரைகளை என்ன செய்வது?

வாப்பாவோ உம்மாவோ மருத்துவமனையில் இருந்து நலமாகத் திரும்பினால் அல்ஹம்துலில்லாஹ் என்று நிம்மதி அடைகிறோம். கையில் புது மருந்துப் பை இருக்கும். அலமாரியில் பழைய மாத்திரை டப்பா இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் ஆபத்து வருகிறது.

மருந்துகளால் ஏற்படும் பாதிப்பைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் முக்கியக் கவனம் தேவை என்று சொல்லப்பட்ட மூன்று விஷயங்களில் ஒன்று, நோயாளி ஓரிடத்தில் இருந்து வேறிடத்துக்கு மாறும் நேரம். டிஸ்சார்ஜ் ஆவதும் அதில் அடங்கும்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

மருத்துவமனையில் தரும் மாத்திரையின் பெயரும் நாம் வழக்கமாக வாங்கும் மாத்திரையின் பெயரும் வேறாக இருக்கலாம். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கும்.

* எக்கோஸ்பிரின் ஏ.வி.யில் ஆஸ்பிரினுடன் அட்டோர்வாஸ்டாட்டினும் உண்டு. வீட்டில் உள்ள கொழுப்பு மாத்திரையும் அதுவே என்றால் அளவு கூடிவிடும்.
* கிளைகோமெட் ஜி.பி.யில் மெட்பார்மினுடன் கிளிமிபிரைடும் உண்டு. பழைய கிளிமிபிரைடையும் சேர்த்துக் கொடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.
* வளைகுடாவில் இருந்து பிள்ளைகள் கொண்டுவரும் பனடோலும், இங்கே வாங்கும் டோலோ 650உம் பாராசிட்டமால்தான்.

அட்டையில் கம்பெனிப் பெயருடன் மருந்தின் மூலப் பெயரும் அச்சிட்டிருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

பழைய மாத்திரை டப்பாவை அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வோம். டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டிக் கேட்போம்:

1. எதைத் தொடர வேண்டும்?
2. எதன் அளவு மாறியிருக்கிறது?
3. எதை நிறுத்த வேண்டும்?
4. புதியது எது? எதற்காக? எத்தனை நாளைக்கு?

மூன்றாவது கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பழைய மாத்திரை பற்றி எதுவும் எழுதாமல் இருக்கலாம். அதற்காக அது நிறுத்தப்பட்டது என்றோ, தொடரலாம் என்றோ நாமே முடிவு செய்யக் கூடாது. கேட்டு, பதிலைச் சம்மரியிலேயே எழுதி வாங்குவது நல்லது. கருஞ்சீரகம், நாட்டு மருந்து சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்வோம்.

சீட்டில் ஓ.டி. என்றால் தினம் ஒருமுறை, பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மூன்று முறை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும்.

நாமாக நிறுத்தக் கூடாதவை

ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரெலைத் தானாக நிறுத்தினால் அதில் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரைகளையும் திடீரென நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் போன்ற மாத்திரை தந்திருந்தால், அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று கேட்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நாமாக வலி மாத்திரை வாங்கி அதனுடன் கொடுத்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

வீட்டில்

நிறுத்தச் சொன்னதை அன்றே டப்பாவில் இருந்து எடுத்துவிடுவோம். மருந்து கொடுக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்கட்டும். காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதி, போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பலாம். திடீர் வியர்வை, கைநடுக்கம், மயக்கம், கருப்பு நிற மலம் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ரமளான் நெருங்கினால், ஸஹர், இஃப்தார் நேரத்துக்கு மருந்தை நாமே மாற்றிவிடக் கூடாது. நோன்பு வைக்கலாமா என்பதையும் சேர்த்து டாக்டரிடம் கேட்போம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

பழைய டப்பாவைப் பிரித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். வீட்டுக்கு வந்த அன்றே அதைச் செய்துவிடுவோம்.