மகள் பிரசவத்துக்கு லண்டன் போறீங்களா? முதலில் பஸ் ஏறிப் பழகுங்க!

குமராட்சியில் நின்றால், சிதம்பரம் போகும் பஸ்ஸை தூரத்திலேயே அடையாளம் கண்டு கைகாட்டுவார்கள் நம் அம்மாக்கள். அவர்களே மகளின் பிரசவத்துக்காக லண்டன் போனதும் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார்கள். பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வரை தங்கலாம். மருமகன் வேலைக்குப் போய்விடுவார், மகள் கைக்குழந்தையோடு இருப்பாள். யாராவது அழைத்துப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தே நாட்கள் கழியும். மனம் சோர்ந்து போகும்.

பயப்பட வேண்டாம். எடுத்த எடுப்பில் பாதாள ரயில் வேண்டாம். 1863-ல் தொடங்கிய அந்த ரயிலுக்கு இன்று 11 தடங்கள், 272 நிலையங்கள். வரைபடத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். பஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டே போகலாம். அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் குரலாகச் சொல்வார்கள், திரையிலும் காட்டுவார்கள்.

ஊர்ப் பழக்கம் ஒன்று அங்கேயும் உதவும். பஸ் வரும்போது கை நீட்ட வேண்டும். ஏறுவது முன்வாசல், இறங்குவது நடுவாசல். கண்டக்டர் கிடையாது, 2014 ஜூலையிலிருந்து பஸ்ஸில் காசும் வாங்குவதில்லை. ஆய்ஸ்டர் கார்டை மஞ்சள் கருவியில் ஒருமுறை தட்டினால் போதும். இறங்கும்போது தட்ட வேண்டியதில்லை. உங்கள் நிறுத்தம் வரும்முன் கம்பியில் உள்ள பொத்தானை அழுத்துங்கள். முதல் பஸ்ஸில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் அதே கார்டில் வேறு பஸ் ஏறினால் மறுபடி கட்டணம் இல்லை.

நம் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. லண்டனில் முதியவர்களுக்கு இலவச பாஸ் உண்டு; ஆனால், அது அங்கேயே குடியிருப்பவர்களுக்குத்தான். அதனால் உங்களுக்கென்று தனி கார்டு வேண்டும். ஒரே கார்டில் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து போக முடியாது.

முதல் இரண்டு முறை யாராவது கூட வரட்டும். மூன்றாவது முறை, பகல் பதினோரு மணி வாக்கில், அதே தடத்தில் நீங்களே போய்வாருங்கள். வீட்டு முகவரி, பஸ் எண், இறங்கும் நிறுத்தத்தின் பெயர் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். வழி தவறினால் ஓட்டுநரிடம் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அதற்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

பஸ் பழகியபின் ரயிலுக்குப் போகலாம். அங்கே உள்ளே போகும்போதும் தட்ட வேண்டும், வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. வேலை நாட்களில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை நெரிசலும் அதிகம், கட்டணமும் அதிகம்.

தனியாகப் போய்வர நல்ல இடம் ஈஸ்ட்ஹாம். வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் போகலாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தமிழ்க் கடைகள், மகாலட்சுமி கோயில். பக்கத்து மேனர் பார்க்கில் முருகன் கோயில். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு நீங்களே வீட்டு வாசலில் வந்து நின்றால், மகளுக்கும் நிம்மதி. அடுத்த வாரம் எங்கே போகலாம் என்று நீங்களே பஸ் எண் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.