பிணை நிபந்தனையை மாற்றிக் கேட்கலாம்

தோட்டத்தில் ஒருவரைப் பொலிசார் பிடித்துச் சென்றுவிட்டால் லயமே கலங்கிப் போகிறது. நீதவான் பிணை கொடுத்தாலும், கேட்ட காசைக் கட்ட வழியில்லாமல் ஆள் விளக்கமறியலிலேயே கிடப்பதுண்டு. "கோர்ட்டுல சொல்லிட்டாங்க, இனி என்னா செய்யிறது?" என்று வீட்டார் தோட்டை அடகு வைக்க ஓடுகிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விடயங்களை இங்கே தருகிறோம்.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி, பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு. ஆள் வழக்குக்கு வரமாட்டார், சாட்சிகளைக் குழப்புவார், வெளியே போய் வேறு குற்றம் செய்வார் என்பது போன்ற காரணம் இருந்தால் மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். கொலை போன்ற பாரிய குற்றங்களுக்கு மேல் நீதிமன்றமே பிணை வழங்கும். பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்றவற்றுக்கு வேறு விதிகள் உண்டு.

பிணையில் பல வகை உண்டு. ரொக்கப் பிணைக்குக் காசு கட்ட வேண்டும். சரீரப் பிணைக்குக் காசு கட்டத் தேவையில்லை. பிணையாளி கையொப்பம் வைத்தால் போதும். ஆனால் ஆள் தலைமறைவானால் எழுதிய தொகையைப் பிணையாளியிடம் அறவிடலாம். ஆகவே தெரியாதவருக்குக் கையொப்பம் வைக்காதீர்கள். கோர்ட்டு வாசலில் "நான் ஆள் பிடிச்சுத் தர்றேன்" என்று காசு கேட்பவர்களையும் நம்பாதீர்கள்.

சரி, நிபந்தனை தாங்க முடியாததாக இருந்தால்?

முதலில் அதே நீதவானிடமே கேட்கலாம். சட்டத்தரணி மூலம் மனுச் செய்து, தொகையைக் குறைக்கும்படியோ, ரொக்கப் பிணைக்குப் பதில் சரீரப் பிணை தரும்படியோ கோரலாம். வேலை நாளில் பொலிசில் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு பேர் போய்விடுகிறது. கிழமையை மாற்றித் தரும்படி கேட்பதில் தவறில்லை. கேட்கும்போது சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் விபரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று ஆகியவற்றைக் காட்டினால் குடும்ப நிலைமை நீதவானுக்குப் புரியும். காணி உறுதி இல்லாத லயத்துக் குடும்பங்களுக்கு இந்தச் சான்று மிக முக்கியம்.

அங்கே சரிவராவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தில் அந்தக் கட்டளையை மீளாய்வு செய்யும்படி கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் காரியாலயத்துக்குப் போய் உதவி கேட்கலாம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கில், தீர்ப்பாகாத ஒருவரைக் கைதான நாளிலிருந்து 12 மாதத்துக்கு மேல் தடுத்து வைக்கக்கூடாது. சட்டமா அதிபர் கேட்டு மேல் நீதிமன்றம் இணங்கினால் ஒரு தடவைக்கு 3 மாதமாக நீட்டலாம். அந்த நீடிப்பும் மொத்தம் 12 மாதத்தைத் தாண்டக்கூடாது. எனவே கைதான திகதியை வீட்டில் குறித்து வையுங்கள்.

நிபந்தனை மாறும் வரைக்கும் பழைய நிபந்தனையே கட்டுப்படுத்தும். "மனுப் போட்டாச்சு" என்று கையெழுத்துப் போடப் போகாமல் விட்டால் மறுபடியும் ரிமாண்ட்தான். தவணைக்குத் தவறாமல் போங்கள். ரொக்கப் பிணை கட்டிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நிபந்தனைப்படி நடந்தால் வழக்கு முடிந்ததும் அந்தக் காசைத் திரும்பக் கேட்டுப் பெறலாம்.